சிசேரியன்: மண்டபம் முதல் சாயல்குடி வரை கர்ப்பிணிகளுக்கு என்ன சொல்லி வைப்பது?

கரைவலை:

மண்டபம், பெரியபட்டினம், ஏர்வாடி, வாலிநோக்கம், சாயல்குடி வரை மகளிர் குழுக்கள் மூலமாக கர்ப்பிணிகளுக்கு ஒரு பக்கத் துண்டறிக்கை போடுகிறோம். கடல் தொழில், கடல்பாசி எடுப்பு, உப்பளக் கூலி, இந்த மூன்று வகைக் குடும்பங்கள்தான் அதிகம். அச்சுக்குப் போகும் முன் சில விஷயங்கள் தெளிவாக வேண்டும்.

2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியாரில் 63.8, அரசில் 36. நாடு முழுக்க எடுத்தால் 21.5. இதைக் காட்டி, "இவ்வளவு நடக்கிற மாநிலத்தில் ஏழைக்குக் கிடைக்கவில்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்கிறார்கள். ஆனால் கரையோர ஊர்களில் நடுராத்திரி வலி கண்ட பெண்ணை ஓரிடத்தில் சேர்த்து, அங்கிருந்து அடுத்த இடத்துக்கு அனுப்பி, அங்கிருந்தும் மதுரைக்கு ஏற்றிவிடுகிறார்கள் என்ற குறை ஓயவில்லை. இரண்டும் எப்படி ஒரே இடத்தில் இருக்க முடிகிறது? எந்த மாதத்தில் எதைச் செய்யச் சொல்வது? தனியாரில் "ஆபரேஷன்தான்" என்றால் என்ன கேட்கச் சொல்வது? பொதுவான அறிவுரை வேண்டாம். அளவும் நேரமும் வேண்டும்.

தியேட்டர் விளக்கு:

எத்தனை பேருக்கு ஆபரேஷன் நடந்தது என்பதை மட்டும்தான் சதவீதம் சொல்லும். யாருக்கு அது தேவைப்பட்டது, முடிவெடுத்து எவ்வளவு நேரம் கழித்துக் கிடைத்தது என்பது அதில் வராது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது இதுதான்: ஒரு மக்கள்தொகையில் சிசேரியன் 10 சதவீதம் வரை உயரும்போது தாய், சேய் சாவு குறைகிறது, அதற்கு மேல் ஏறுவதால் சாவு குறைவதாகத் தெரியவில்லை. அதே கணக்கெடுப்பில் பீகார் 9.7, நாகாலாந்து 5.2, தெலங்கானா 60.7. நாகாலாந்தின் எண் எட்டாத கையைக் காட்டுகிறது, தெலங்கானாவின் எண் அளவுக்கு மீறியதைக் காட்டுகிறது. தமிழ்நாட்டின் 44.9க்குள் இந்த இரண்டு வகைப் பெண்களும் சேர்ந்தே கிடக்கிறார்கள். ராமநாதபுரம் டவுனில் நாள் குறித்து ஆபரேஷன் செய்துகொள்கிறவரும் அதில் ஒருவர். முந்தல் பக்கத்திலிருந்து மூன்று வண்டி மாறி, குழந்தையின் நாடித்துடிப்பு இறங்கிய பிறகு தியேட்டருக்குள் போகிறவரும் ஒருவர். கணக்கில் இருவருக்கும் ஒரே கட்டம்.

அவசர சிசேரியனுக்கு என்னென்ன வேண்டும் என்று பார்த்தால் காரணம் விளங்கும். மகப்பேறு டாக்டர், மயக்க மருந்து டாக்டர், குழந்தையை வாங்க ஒரு டாக்டர், தியேட்டர் நர்ஸ், பெண்ணின் குரூப்பில் ரத்தம், பிறந்த குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மர், ஆக்சிஜன், கரண்ட் போனால் ஜெனரேட்டர். இதில் ஒன்று இல்லை என்றாலும் தியேட்டர் பூட்டிய அறைதான். முதலில் இல்லாமல் போவது பெரும்பாலும் மயக்க மருந்து டாக்டர். பகலில் இருப்பார், ராத்திரி அழைத்தால் வர வேண்டும். அதனால் "இந்த ஆஸ்பத்திரியில் சிசேரியன் உண்டா?" என்று கேட்பது பாதிக் கேள்வி. "ராத்திரி 2 மணிக்கு மயக்க டாக்டர் உள்ளேயே இருப்பாரா? ரத்தம் இங்கேயே இருக்கா, வெளியே போய் எடுக்கணுமா?" என்று கேளுங்கள். 24 மணி நேரமும் இவை எல்லாம் இருக்க வேண்டிய இடத்துக்குத்தான் சீமாங்க் சென்டர் என்று பெயர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகப்பிரசவம் நன்றாகவே நடக்கும். அங்கே ஆபரேஷனை எதிர்பார்ப்பதுதான் தவறு.

இப்போது நேரம். தாய்க்கோ சேய்க்கோ உடனடி ஆபத்து என்றால் முடிவெடுத்த 30 நிமிடத்துக்குள் குழந்தை வெளியே வர வேண்டும் என்பது மருத்துவ உலகில் வைத்திருக்கும் அளவுகோல். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கி.மீ. சாயல்குடியிலிருந்தும் ஐம்பதுக்குப் பக்கம். தொண்டியிலிருந்து நாற்பதுக்கு மேல். ராமநாதபுரத்திலிருந்து மதுரை இன்னும் 110 கி.மீ.க்கு மேல். ஓட்டம் மட்டும்தான் நேரத்தைத் தின்கிறது என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறக்கி, டேபிளில் ஏற்றி, உள் பரிசோதனை செய்து, சீட்டு எழுதி, அடுத்த வண்டி வரும்வரை காத்திருப்பதில் அரை மணியிலிருந்து ஒரு மணி வரை போய்விடும். ஆபத்து என்று முன்கூட்டியே தெரிந்த பெண்ணுக்கு நடுவில் இருக்கும் ஒரு நிறுத்தத்தை வெட்டிவிட்டாலே பெரிய உதவி. 2022 ஜனவரியில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி திறந்த பிறகு மதுரை வரை போக வேண்டிய தேவை பலருக்குக் குறைந்திருக்க வேண்டும். கரையிலிருந்து ராமநாதபுரம் வரையுள்ள தூரம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

துண்டறிக்கையில் கட்டாயம் போட வேண்டிய ஒன்று: வலி பிடித்து வேறு ஆஸ்பத்திரிக்கு ஏற்றும்போது "தெம்பா இருக்கட்டும்" என்று இட்லி, சோறு ஊட்டாதீர்கள். வயிறு நிறைந்திருந்து முழு மயக்கம் கொடுக்க நேர்ந்தால் சாப்பிட்டது நுரையீரலுக்குள் போய்விடும். தண்ணீர், பால் விடாத சாயா போதும். கடைசியாக என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு என்பதை மயக்க டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

லேபர் வார்டு:

தியேட்டர் விளக்கு சார் சொன்ன, நடுவில் இருக்கும் நிறுத்தத்தை வெட்டுவது எப்படி என்பதை நான் எழுதுகிறேன். அது வலி வந்த ராத்திரியில் முடிகிற காரியம் இல்லை, ஏழாம் மாதத்திலேயே தொடங்க வேண்டும்.

12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து 12 இலக்க ஆர்.சி.எச். எண் வாங்குவது எல்லோருக்கும் தெரியும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கும் பிறப்புச் சான்றுக்கும் அந்த எண் வேண்டும் என்பதால் அதை யாரும் விடுவதில்லை. விட்டுப்போவது ரத்த அளவு.

ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் சோகை, 7க்குக் கீழே போனால் கடும் சோகை. சிசேரியனில் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை ரத்தம் போகலாம். 11 உள்ளவர் தாங்குவார், 7 உள்ளவர் தாங்கமாட்டார். அதனால்தான் சின்ன ஆஸ்பத்திரிகள், தியேட்டர் இருந்தாலும், ரத்தம் குறைந்தவரைத் தொடாமல் மேலே அனுப்புகின்றன. "காசில்லாததால் அனுப்பிவிட்டார்கள்" என்று வீட்டில் நினைப்பார்கள். உண்மையில் அனுப்பியது சோகைதான். அந்தச் சோகைக்குக் காரணம் தேடினால் வறுமையில் வந்து நிற்கும். பிடித்த மீனில் விலைபோகிறது கம்பெனி வண்டிக்குப் போகும், வீட்டுக்கு மிஞ்சுவது கொஞ்சம். வீட்டிலும் ஆம்பளைக்கும் பிள்ளைக்கும் போக மிச்சம்தான் அவளுக்கு.

இரும்புச் சத்து மாத்திரை தினம் ஒன்று, 180 நாள். சாயாவோடு போட்டால் உடம்பில் சேராது. கால்சியம் மாத்திரையையும் அதோடு சேர்த்துப் போடக்கூடாது, ஒன்றைக் காலையிலும் மற்றதை ராத்திரியிலும் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையில் ஏறவில்லை என்றால் அயர்ன் சுக்ரோஸ் ஊசி: ஒரு தடவைக்கு 200 மி.கி., 100 மி.லி. சலைனில் கலந்து, ஒருநாள் விட்டு ஒருநாள். இது ஏற மூன்று, நான்கு வாரம் ஆகும். 36ஆம் வாரத்தில் தொடங்கினால் பிரசவத்துக்குள் ஏறும் என்று நம்ப முடியாது. ஆகவே 28ஆம் வாரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை கட்டாயம், "போன மாசம் பார்த்தாச்சு" என்று விடாதீர்கள். ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு நிலையங்களில் டாக்டர் பார்க்கும் கர்ப்பிணிகள் முகாம் உண்டு, பிரதமர் திட்டத்தில் 2016லிருந்து நடக்கிறது. அந்த நாளில் போய்விடுங்கள்.

34 வாரம் ஆனதும் கர்ப்பிணிப் பதிவுக் கார்டைக் கையில் எடுத்து உட்காருங்கள். முன்னால் சிசேரியன் ஆனவர், இரட்டைக் குழந்தை, தலை திரும்பாதது, நஞ்சு (நச்சுக்கொடி) கீழே இருப்பது, பி.பி. 140/90 தொட்டவர், சுகர், ரத்தம் 7க்குக் கீழ், உயரம் 145 செ.மீ.க்குக் கீழ். இதில் ஒன்று இருந்தாலும் வலி வரும்வரை ஊரில் காத்திருக்கக் கூடாது. தேதிக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே ராமநாதபுரத்தில் அட்மிஷன் கேளுங்கள். வீட்டில் தயங்குவார்கள். காரணம் துணைக்கு உட்காரும் பெண்ணின் கூலி போகும் என்பதுதான். பாசிக்குப் போகிற வீட்டில் மாமியாரும் போவார், நாத்தனாரும் போவார். மகளிர் குழு உண்மையாக உதவ வேண்டிய இடம் இதுதான்: துணைக்கு யார் எத்தனை நாள் என்று முறை போட்டுக்கொடுங்கள், அவர்களுக்கு அன்றாடக் கூலியில் பாதியாவது குழுச் சேமிப்பிலிருந்து கொடுங்கள். அரசு உதவித்தொகையின் கடைசித் தவணைகள் குழந்தை பிறந்த பிறகுதான் வரும், வலி வந்த நாளில் அந்தப் பணம் கையில் இருக்காது.

ரத்தம் கொடுக்க ஆள்: ஒரே குரூப்பில் மூன்று பேரின் போன் நம்பர் கார்டின் பின்பக்கம். 45 கிலோவுக்கு மேல் எடை, ஹீமோகுளோபின் 12.5, ஆணாக இருந்தால் கடைசியாகக் கொடுத்து 90 நாள், பெண்ணாக இருந்தால் 120 நாள். மூன்று பேரும் ஒரே விசைப்படகில் போகிறவர்களாக இருந்துவிடக் கூடாது. படகு கடலுக்குள் போய்விட்டால் மூன்று நம்பரும் எடுக்காது. ஒருவராவது கரைத் தொழில் பார்க்கிறவராக இருக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் இந்தக் கவலை இல்லை. ஆனால் அந்த 61 நாளில்தான் வீட்டில் காசு வறண்டுபோகும், வண்டிக்கு எடுத்து வைக்கிற பணத்தை அதற்கு முன்பே ஒதுக்குங்கள். கர்ப்பிணி நெகட்டிவ் குரூப், பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவம் ஆன 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும், அதையும் எழுதி வையுங்கள்.

108ஐக் கூப்பிடும்போது ஊர்ப் பெயர் மட்டும் சொன்னால் போதாது. ஒரே பெயரில் இரண்டு குடியிருப்பு இருக்கும். சர்ச், பள்ளிவாசல், ஐஸ் கம்பெனி, இப்படி அடையாளம் சொல்லி, மெயின் ரோட்டில் ஒருவரை டார்ச்சோடு நிறுத்துங்கள். மணலில் வண்டி இறங்காத குடியிருப்பு என்றால் ரோடு வரை தூக்கிவர யார் என்பதும் முன்பே முடிவாக வேண்டும்.

மேலே அனுப்பும்போது சீட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பனிக்குடம் உடைந்த மணி, நீர் தெளிவா பச்சையா, கர்ப்பவாய் எத்தனை செ.மீ., குழந்தையின் துடிப்பு (110லிருந்து 160 வரை சரி), பி.பி., ரத்தக் குரூப், போட்ட ஊசியும் போட்ட நேரமும். வலிப்பு வந்தவர் என்றால் ஏற்றும் முன்பே மெக்னீசியம் சல்பேட், ஒவ்வொரு பிட்டத்திலும் 5 கிராம், போட்டிருக்க வேண்டும். அது எழுதப்படாவிட்டால் அடுத்த இடத்தில் திரும்பப் போட்டுவிடலாம், அல்லது போடாமலே விட்டுவிடலாம். இரண்டுமே ஆபத்து. "மேல் சிகிச்சைக்கு" என்ற ஒற்றை வரியோடு கிளம்ப மறுத்து, விவரம் எழுதிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அங்கிருந்தே போன் செய்து சொல்லிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். போய்ச் சேரும்போது தியேட்டர் தயாராக இருக்கும்.

அரசு ஆஸ்பத்திரியில் சிசேரியனுக்குக் காசு கிடையாது. 2011 ஜூன் 1லிருந்து ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் மருந்து, ஸ்கேன், ரத்தம், ஆபரேஷன், சிசேரியன் ஆனவருக்கு 7 நாள் சாப்பாடு, வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கும் வண்டி, திரும்பி வீட்டுக்கு 102 வண்டி, எல்லாம் இலவசம். குழந்தையைக் காட்ட, ட்ராலி தள்ள என்று யார் கை நீட்டினாலும் கொடுக்க வேண்டியதில்லை. 104 எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம்.

கீழக்கரை வாசகி:

தனியார் பக்கத்தை நான் சொல்கிறேன். கணவர் சபரில் (வெளிநாட்டில்) இருக்கும் வீடுகளில் பணம் வரும், முடிவெடுக்க ஆள் பக்கத்தில் இருக்காது. டாக்டர் சொன்னதை எதிர்த்துக் கேட்கத் தயக்கம். காசு இருப்பதால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். தேவையில்லாத ஆபரேஷனும் பாதிப்புதான். அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு பழைய தழும்பில் ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு ஒவ்வொரு சிசேரியனுக்கும் கூடிக்கொண்டே போகும். அப்படி ஒட்டினால் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரலாம்.

ஏன் அங்கே அதிகம்? ஒரே டாக்டர் நடத்தும் நர்சிங் ஹோமில் முதல் பிரசவத்துக்கு 12, 14 மணி நேரம் பக்கத்தில் இருந்து பார்ப்பது கஷ்டம். ஆபரேஷன் என்றால் ஒரு மணிக்குள் முடியும். மயக்க டாக்டர் வெளியிலிருந்து வருகிறவர், அவருக்குத் தோதான நேரத்தில் வைப்பதுதான் நடைமுறை. கட்டணமும் கூடுதல். எல்லா டாக்டரும் இப்படி என்று சொல்லவில்லை. அமைப்பு அந்தப் பக்கமே தள்ளுகிறது. நல்ல நேரம் பார்த்துக் கேட்கும் குடும்பங்களும் அதற்குத் துணை போகின்றன.

சொல்லப்படும் காரணங்களில் மூன்றை மட்டும் எடுக்கிறேன். "கொடி சுத்தியிருக்கு": நாலில் ஒரு குழந்தைக்காவது கொடி கழுத்தைச் சுற்றியிருக்கும், பெரும்பாலும் சுகமாகவே பிறக்கும். துடிப்பு இறங்கினால்தான் கவலை. "தண்ணி குறைஞ்சிருக்கு": எவ்வளவு என்று கேளுங்கள். ஸ்கேனில் பனிக்குட நீரை அளக்கும் ஏ.எஃப்.ஐ. 5 செ.மீ.க்குக் கீழே போனால்தான் குறைவு. 8, 9 இருப்பதைக் குறைவு என்று சொல்ல முடியாது. குறைந்திருந்தாலும் வலி வர வைத்துப் பார்க்கலாமா என்று கேட்கலாம். "குழந்தை பெருசு": ஸ்கேன் காட்டும் எடையில் 10, 15 சதவீதம் முன்பின் இருக்கும். ஸ்கேனில் 3.5 என்றால் உண்மையில் 3 கிலோவாகவும் இருக்கலாம். அதே சமயம் நஞ்சு கர்ப்பப்பை வாயை மூடியிருக்கிறது, குழந்தை குறுக்கே கிடக்கிறது, துடிப்பு இறங்கி ஏறவில்லை, பச்சைத் தண்ணீரோடு துடிப்பும் மாறுகிறது, இவற்றில் ஒன்று என்றால் பேரம் பேசாதீர்கள், உடனே சம்மதியுங்கள்.

கேட்க வேண்டியது இவ்வளவுதான்: "இப்ப அவசரமா, இல்ல ரெண்டு மணி நேரம் பார்க்கலாமா? பார்த்தா என்ன ஆபத்து?" நேர்மையான டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

பில் விஷயம். பேக்கேஜ் என்று ஒரு தொகை சொல்வார்கள். மயக்க டாக்டர், குழந்தை டாக்டர், ரத்தம், குழந்தையை வார்மரிலோ மஞ்சள் காமாலை விளக்கிலோ வைத்தால் நாள் வாடகை, இவை அதற்குள்ளா வெளியிலா என்று 36ஆம் வாரத்திலேயே எழுதி வாங்குங்கள். நகை அடகு போவது பெரும்பாலும் இந்த "வெளியில்" சேர்ந்ததற்குத்தான்.

கரைவலை:

மூவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். முதல் குழந்தை சிசேரியன் என்றால் அடுத்ததும் அப்படித்தான் என்று குழுவில் எல்லோரும் நம்புகிறார்கள், சரியா? கணவர் கடலில் இருக்கும்போது கையெழுத்துக்காக ஆபரேஷன் தள்ளிப்போவதாகச் சொல்கிறார்கள். யார் கையெழுத்துப் போடலாம்?

லேபர் வார்டு:

கையெழுத்து: 18 வயது நிறைந்த, நினைவோடு இருக்கும் பெண் தன் ஆபரேஷனுக்குத் தானே கையெழுத்துப் போடலாம். கணவர் போட்டாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. படகு கரைக்கு வரும்வரை யாரும் காத்திருக்க வேண்டாம். இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள் அக்கா. பேசும் நிலையில் இல்லாதவர் என்றால் கூட வந்த அம்மா, அக்கா, யாராவது போடலாம். உயிர் ஆபத்தில் யாருமே இல்லை என்றாலும் டாக்டர் செய்யலாம்.

அடுத்த பிரசவம்: கட்டாயம் சிசேரியன்தான் என்பதில்லை. ஒரே ஒரு சிசேரியன், கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டு, நடுவில் குறைந்தது 18 மாத இடைவெளி, இம்முறை வேறு சிக்கல் இல்லை என்றால் சுகப்பிரசவத்துக்கு முயன்று பார்க்கலாம். முயன்றவர்களில் நாலில் மூன்று பேருக்கு அது கைகூடுகிறது. தழும்பு பிரியும் ஆபத்து ஏறக்குறைய 200இல் ஒருவருக்கு. அந்த ஒருவருக்காகத்தான் தியேட்டரும் ரத்தமும் ராத்திரியிலும் தயாராக இருக்கும் இடத்தில் மட்டும் முயல வேண்டும் என்கிறோம். ஊர்ப்பக்க நிலையத்திலோ வீட்டிலோ கூடவே கூடாது.

இங்கேயும் ஏழைக்குத்தான் வாசல் அடைபடுகிறது. டாக்டர் முதலில் கேட்பது பழைய டிஸ்சார்ஜ் சீட்டு. ஏன் ஆபரேஷன் செய்தார்கள், எப்படி வெட்டினார்கள் என்பது அதில்தான் இருக்கும். வெளியில் தெரியும் தோல் தழும்பு குறுக்கே இருப்பதால் உள்வெட்டும் குறுக்கே என்று சொல்லிவிட முடியாது. ஓலைக் குடிசையில் மழையிலும் உப்புக் காற்றிலும் அந்தச் சீட்டு இரண்டு வருடம் தாங்காது. சீட்டு இல்லாத பெண்ணுக்கு ஆபத்தை ஏற்க யாரும் தயங்குவார்கள், நேராக ஆபரேஷன்தான். டிஸ்சார்ஜ் ஆன அன்றே இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக் குழுவில் யாராவது ஒருவர் போனிலும் வைத்திருக்கச் சொல்லுங்கள். சீட்டில் "எல்.எஸ்.சி.எஸ்." (கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் வெட்டிய சிசேரியன்) என்றும் காரணமும் எழுதியிருக்கிறதா என்று வார்டை விட்டு இறங்கும் முன் பாருங்கள். எழுதாவிட்டால் அங்கேயே எழுதி வாங்குங்கள்.

தியேட்டர் விளக்கு:

ஆபரேஷனுக்குப் பிறகு என்ன என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் பாசி எடுக்கும் பெண்களுக்கு அது முக்கியம். முதல் 24 மணி நேரத்துக்குள் எழுந்து நடக்க வேண்டும், காலில் ரத்தம் உறையாமல் இருக்க. நாலாம் நாளிலிருந்து பத்து நாள் வரை காயத்தைப் பாருங்கள்: சிவப்பு பரவுதல், நீர் கசிதல், நாற்றம், காய்ச்சல் வந்தால் அன்றே போக வேண்டும். 6 வாரம் வரை குழந்தையின் எடைக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. கடலில் இறங்குவது, மூச்சடக்கி முங்குவது, ஈரப் பாசிச் சாக்கைத் தலையில் ஏற்றுவது, உப்பு வாரிக் கூடை சுமப்பது, எல்லாம் வயிற்றுத் தசையை இறுக்குகிற வேலை. டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகும் மூன்று மாதம் வரை மூட்டை வேண்டாம் என்பேன். காயம் ஆறும் முன் இறங்கினால் பின்னால் தழும்பில் குடலிறக்கம் வரலாம், அதற்கு இன்னொரு ஆபரேஷன். சுகப்பிரசவம் ஆன பெண் சீக்கிரம் கூலிக்குத் திரும்பிவிடுவாள், இவளுக்கு இரண்டு மூன்று பௌர்ணமி போய்விடும். துணை முறை போடும்போது அந்த மாதங்களையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.